ஐஸ் வண்டி நின்ற பன்னிரண்டு நிமிடம்

தண்டையார்பேட்டையைத் தாண்டி
நேற்று மாலை நின்ற கண்டெய்னர் வரிசை
இன்னும் துறைமுக வாசலைப் பார்க்கவில்லை.
ஷெட்டின் ஷட்டரை இறக்கினாலும்
டீசல் நெடி உள்ளே வந்து உட்காரும்,
வாடகை தராத ஆள் மாதிரி.

நானும் கஸ்பாரும் இரவு ஷிப்ட்.
மேசையில் குக்கர் அளவில் ஓர் எஃகு உருளை.
உள்ளே செனான் வாயு,
போரான் பூசிய அலுமினியத் தகடுகள்.
மூடியில், இருட்டை மட்டுமே பார்த்துப் பழகிய
கண்ணாடிக் குழாய் ஒன்று.
என்றைக்காவது துறைமுக வாசலில்
இதை நட்டு லாரிகளைக் கடக்க விடுவார்கள்.
ஹீலியம்-மூன்று வாங்குகிற வசதி
எங்கள் முதலாளிக்கு இல்லை.

நியூட்ரான் கதவைத் தட்டாது.
மின்னூட்டம் இல்லாதது, எதிலும் ஒட்டாது,
ஈயத்தைக்கூடச் சட்டை செய்யாமல் போகும்.
அதைப் பார்க்க வேண்டுமென்றால்
அது தொலைய ஓர் இடம் தர வேண்டும்.

போரான் அதை விழுங்கும்.
விழுங்கியதும் தானே உடையும்,
ஆல்பா இந்தப் பக்கம், லித்தியம் அந்தப் பக்கம்,
பாகம் பிரித்துக்கொண்ட அண்ணன் தம்பி போல
முதுகுக்கு முதுகு.
ஒன்று தகட்டுக்குள் புதையும்.
மற்றது வாயுவில் பாய்ந்தால்
செனான் ஒளிரும்,
ஊதாவுக்கும் அப்பால், நமக்கில்லாத ஒரு நிறத்தில்.

பூச்சு மெலிந்தால் நியூட்ரான் நழுவும்.
தடித்தால் சிக்கும், உடைந்தது வெளியே வராது.
மூன்று மைக்ரான் என்பேன் நான்.
இரண்டு என்பான் கஸ்பார்.
நாலு மாதமாக இதே பேச்சு.
இரண்டரை என்று ஒருவரும் சொல்லவில்லை.

வேகத்தைக் குறைக்க மெழுகு வேண்டும்.
ராயபுரத்து மாதா கோயிலில் எரிந்து வழிந்ததை
மூட்டை கட்டிக்கொண்டு வந்தான்.
உருக்கி ஊற்றினோம், திரிக்கரியோடு.
யாருடைய ஜுரமோ, எவளுடைய கடனோ,
எல்லாம் சேர்ந்து ஏழு சென்டிமீட்டர்.

மார்கழியில் வெளிச்சம் மங்கியது.
தகடுகளை மாற்றினோம், வோல்டேஜை ஏற்றினோம்,
ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்டோம்.
கடைசியில் ஒரு ரப்பர் வளையம்,
எண்ணூர்க் காற்றில் ஓரம் வெடித்தது.
அந்த வழியாக ஈரம் கொஞ்சங்கொஞ்சமாய் உள்ளே போய்
பிறக்கவிருந்த ஒளியைக் குடித்திருக்கிறது.
வளையம் நாற்பது ரூபாய்.
வீணான செனான் எவ்வளவு என்று
இங்கே எழுத மாட்டேன், முதலாளி படிப்பார்.

நேற்று அதிகாலை இரண்டு மணி.
புது வளையம், புது வாயு,
நிமிடத்துக்கு இருநூற்றுப் பன்னிரண்டு,
ஆடாமல்.
திடீரென்று இருநூற்று முப்பது. நாற்பது.
கஸ்பார் குழாயைத் தட்டினான்.
நான் வயரை ஆட்டினேன்.
ஷட்டரைத் தூக்கினால்
தகரச் சுவரை உரசிக்கொண்டு காசிமேட்டு ஐஸ் வண்டி.
கோணி போர்த்திய பார்கள், சொட்டச் சொட்ட.

"இன்னாக்கா, இங்க நிறுத்தக் கூடாதா?
ரோட்ல ஒரு இஞ்சு நகரலக்கா."

"நிறுத்துங்க. இன்னும் கொஞ்சம் கிட்ட."

கேரம் போர்டில் காயைக் காயால் அடித்தால்
அடித்த காய் நின்றுவிடும், அது ஓடும்.
இங்கே தெருவுக்குத் தெரு தெரிந்த விஷயம்தான்.
சம எடை உள்ளவன்மேல் மோதினால்தான்
எவனுக்கும் வேகம் இறங்கும்.
தண்ணீரில் அப்படி ஒருவன் இருக்கிறான்.
எங்களிடமிருந்து தப்பித் தகரம் தாண்டிப் போனவை
ஐஸில் முட்டி, களைத்து,
மெழுகில்லாத பக்கமாகத் திரும்பி வந்திருக்கின்றன.

டிரைவர் எட்டிப் பார்த்தார்.
"இது இன்னாத்த பாக்குது?"
"உங்க ஐஸ."
"கரையறதுக்குள்ள பாத்துக்க சொல்லு."

வண்டி போனதும் இருநூற்றுப் பதினாலு.
கஸ்பார் நோட்டில் எழுதினான்,
2.07 முதல் 2.19 வரை, ஐஸ்,
'பிழை' என்ற கட்டத்தில்.
அடித்துவிட்டுப் பக்கத்துக் கட்டத்தில் எழுதினேன்.
அந்தக் கட்டத்துக்குத் தலைப்பு இன்னும் போடவில்லை.

விடிந்து பார்த்தால் சுவரோரம்
ஒரு பாய் அகலத்துக்கு ஈரம்,
அதில் இரண்டு மீன் செதில்.