அளவை

வங்கிக் கடிதத்தில் என் பெயர் பிழையில்லாமல் இருக்கிறது:
செல்வி பா. யோகமலர், பி.ஏ., தத்துவம்.
பாக்கி ஒரு லட்சத்து எழுபத்தாறாயிரம்.
மாதத் தவணை இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது.

கடன் கேட்டுப் போன அன்று
கோத்தகிரிக் கிளை மேலாளர்
படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்,
பின்பக்கத்தில் வேறு படிப்பு ஏதும் இருக்கிறதா என்பதுபோல.
"இதைப் படிச்சா என்னம்மா கிடைக்கும்?"
கிடைப்பது என்றால் என்ன என்று
நான் திருப்பிக் கேட்கவில்லை.
அப்போது இன்னும் படிக்கத் தொடங்கவில்லையே.

முதலாம் ஆண்டு, அளவையியல் தாள், ஐந்து மதிப்பெண்:
மலையில் நெருப்பு உண்டு, புகை தெரிவதால்,
சமையலறையில் கண்டதுபோல. விளக்குக.
எங்கள் மலையில் காலை பத்து மணி வரை தெரிவது
புகையே இல்லை என்று
ஒரு பத்தி கூடுதலாக எழுதினேன்.
திருத்தியவர் சென்னைக்காரர்.
அரை மதிப்பெண் போயிற்று.

அடுத்த லைன் வீட்டுப் பிரமிளா பி.காம்.
கோவையில் ஆடிட்டர் அலுவலகம், இருபத்திரண்டாயிரம்.
அம்மா அந்தத் தொகையை
குழம்புக்கு உப்பு போதுமா என்று கேட்கும் குரலில் சொல்வாள்.
எனக்கு ஒன்பதாயிரத்து ஐந்நூறு.
கட்டபெட்டுக்குக் கீழே ஒரு தகரக் கொட்டகையில்
பச்சைத் தேயிலை எடை போடுகிறேன்.
அளவை என்ற சொல்லுக்கு இரண்டு பொருள்;
இரண்டாவதற்குத்தான் சம்பளம்.

மூட்டை தொங்கும். முள் நடுங்கி நிற்கும்.
சாக்குக்கும் ஈரத்துக்கும் சேர்த்துக் கழிவு ஐந்து கிலோ.
மழை பெய்தாலும் ஐந்து, வெயிலடித்தாலும் ஐந்து.
எட்டு மாதம் எழுதினேன்.
என் கையெழுத்து அழகு என்று ஃபேக்டரியில் பேர்.

போன செவ்வாய் நல்ல வெயில்,
பள்ளத்தில் மட்டும் கொஞ்சம் மூட்டம்.
போஜன் மூட்டையைத் தூக்கி மாட்டினார்.
கழிவு இரண்டு என்று எழுதினேன்.
ஏன் அன்றைக்கு? தேடிப் பார்த்துவிட்டேன்.
காலையில் கடிதம் வந்திருந்தது, பேனா புதிது;
இரண்டும் காரணமாகப் போதவில்லை.

ஏஜெண்ட் வரதன் குனிந்து பார்த்தார்.
"அஞ்சு போடு. இலை ஈரம்."
"எப்படித் தெரியும்?"
"அதான் மூட்டம் போட்டிருக்கே."
"மூட்டம் அங்க இருக்கு. இலை இங்க இருக்கு.
கையை விட்டுப் பாருங்க."
விட்டார்.
எடுத்த கையைக் கால்சட்டையில் துடைத்தார்,
துடைக்க ஒன்றுமில்லை.
மேலே சாலையில் லாரி ஹாரன் அடித்தது,
விடாமல் இன்னொரு முறை.
"இன்னைக்கு ஒருநாள் ரெண்டு போட்டுத் தொலை."

தர்க்கத்துக்கு இணங்கினாரா, ஹாரனுக்கா?
நாற்பத்தொரு மூட்டை, மூட்டைக்கு மூன்று கிலோ,
கிலோ பதினேழு ரூபாய்:
இரண்டாயிரத்துத் தொண்ணூற்றொன்று.
என் பட்டத்தின் பேரில் வரவு வைப்பதா
டிரைவர் பேரில் வைப்பதா என்று
பேரேட்டில் ஒரு கட்டம் கிடையாது.
எப்படியும் அது என் பணமில்லை.
என் தவணைக்கே அதில்
இருநூற்று நாற்பத்தொன்பது குறைகிறது.

கடைசி மூட்டை நஞ்சியக்காவுடையது.
சீட்டை எழுத்துக் கூட்டிப் படித்தாள்.
மடிக்கப் போனவள் நின்றாள்.
நன்றி சொல்லப் போகிறாள் என்று
நான் முகத்தைத் தயார் செய்துகொண்டேன்.
"அப்போ போன மாசமெல்லாம்?" என்றாள்.

மூன்று வருட வினாத்தாள்களில்
இப்படி ஒன்று வந்ததில்லை.
பேனாவை மூடினேன். திரும்பத் திறந்தேன்.
அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை,
பஸ் வந்துவிட்டது.

புதன்கிழமை மழை.
சாக்கிலிருந்து தண்ணீர் என் செருப்பில் சொட்டியது.
ஐந்து என்று நான் எழுதும் முன்
நஞ்சியக்கா தன் மூட்டைக்குள் தானே கையை விட்டாள்,
முழங்கை வரைக்கும்.
நனைந்த கையை வெளியே எடுத்து
எனக்குக் காட்டிவிட்டுச் சொன்னாள்:
"இப்ப எழுது."