முதல் பக்கத்துக்கு முந்தைய பக்கம்

அர்ப்ரோத் துறைமுகத்தில்
மீனைப் புகையில் வாட்டும் கூடத்துக்கு மேல்மாடியில்
எங்கள் பதிப்பகம். இரண்டு மேசை, ஒரு ஹீட்டர்.
பேய்க்கதைகள் மட்டும் போடுகிறோம்.
எந்தப் பிரதியை விரித்தாலும் ஹாடக் மீன் வாசம்.
வாசகர்கள் அதைக் கதையின் வாசம் என்று நினைக்கிறார்கள்.

என் வேலை, கதை தொடங்குமுன் வருகிற அந்த ஒரு பக்கம்.
இந்நூலில் ரத்தம் உண்டு. ஊசி உண்டு.
பூட்டிய அறை. பிரசவத்தில் மரணம்.
ஒன்பதாம் அத்தியாயத்தில் நாய் சாகிறது.
மளிகைச் சீட்டுபோல எழுதிக்கொண்டே போவேன்.

டோர்க்வில் மக்ரேவுக்குக் கோபம்.
"மூன்று வருஷம் இருட்டை இழைத்து இழைத்துக் கட்டினேன், இஷ்பெல்.
நீ வாசலிலேயே விளக்கைப் போடுகிறாய்."
விளக்கு இல்லை, என்றேன்.
படி இருக்கிறது, பார்த்து, என்று சொல்கிற குரல்.
அவர் ஒப்பவில்லை. தேநீரைக் குடித்துவிட்டுப் போனார்.

லெர்விக்கிலிருந்து ஒரு பெண் கடிதம் போட்டிருந்தாள்:
"ஒன்பதைத் தாண்டிப் படித்தேன், நன்றி.
மற்றபடி மூன்று இரவு உறங்கவில்லை, அதற்கும் நன்றி.
ஒன்று மட்டும் சொல்லுங்கள். நாய்க்கு வலித்ததா?"
பதில் எழுத ஒரு வாரம் ஆனது.
இல்லை என்று எழுதினேன்.
பொய்.

இந்தக் குளிர்காலம் டோர்க்விலின் அடுத்த நாவல்.
இருநூற்றுப் பதினொன்றாம் பக்கம் வரை பென்சில் தடங்கலின்றி ஓடியது.
தோல் உரிகிறது, குறித்தேன்.
கிணற்றுக்குள் குரல், குறித்தேன்.
கண்ணிமையைத் தைக்கிறார்கள்;
குறித்துவிட்டு ஒரு பிஸ்கட்கூடத் தின்றேன்.

பிறகு, கதவோரம் ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ்.
ஒன்று நிமிர்ந்து, ஒன்று சாய்ந்து.
யாரும் தொடவில்லை. பேய்கூடச் சுற்றிக்கொண்டுதான் போகிறது.
அடுத்த வரியில் கதை மாடிக்கு ஏறிவிட்டது.
நான் ஏறவில்லை.

அண்ணன் ஆலிக் கடைசியாகப் படகேறிய காலையில்
பழைய ஜோடியைப் போட்டுக்கொண்டு போனான்.
புதியது கதவோரம் நின்றது.
அம்மா நகர்த்த விடவில்லை.
பதினோரு வருஷம்
அதைச் சுற்றியே தரையைத் துடைத்தோம்.

இதை எந்தத் தலைப்பில் போடுவது?
மூழ்குதல் இல்லை, இந்தக் கதையில் தண்ணீர் கிணற்றோடு சரி.
மரணம் இல்லை.
துக்கம் என்று ஒரு சொல்கூட இல்லை.
ஹீட்டரை அணைத்தேன். மறுபடி போட்டேன்.
கீழே கடைசி அடுப்பை மூடுகிற சத்தம்.
பட்டியலின் அடியில் எழுதினேன்:
பக்கம் 212. கதவோரம் ஒரு ஜோடி பூட்ஸ்.
அவற்றுக்கு எதுவும் ஆகாது.

மெய்ப்பு அவரிடம் போய்த் திரும்பியது.
ஒவ்வொரு வரியோடும் சிவப்பு மையில் சண்டை.
கிணறு வேண்டாம். இமை வேண்டவே வேண்டாம்.
கடைசி வரிக்குப் பக்கத்தில் மட்டும்
பென்சிலில், அழுத்தாமல்:
"சிறிய பூட்ஸ் என்று மாற்று.
கதையிலும் மாற்றிவிடுகிறேன்."