நான்காவது தட்டு

காதில் மாட்டியது எனக்கு மட்டும் இசை தந்தது.
மீதியெல்லாம் கீழே போனது.

பட்டர்வொர்த்திலிருந்து ஃபெர்ரியில்,
மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டி,
மூன்று நடையாக வந்த பழைய மின் டிரம்ஸ்.
எண்ணூறு வெள்ளி.
வலைத்தோல் தட்டுகள், குச்சி பட்டால்
தூறல் அளவுதான் சத்தம் என்றார் விற்றவர்.
உண்மைதான்.
கால்மிதியைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை.

ஜெலுத்தோங்கில் ஒன்பதாவது மாடி நாங்கள்.
எட்டில் மேடம் ஊய்.
பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட்.
எனக்கு வேலை மதியம்தான், காலை நேரம் என்னுடையது.
அவருக்கு அதுதான் இரவு.

வந்து கதவைத் தட்டவில்லை.
துடைப்பக் கட்டையால் கூரையை இடிக்கவில்லை.
லிஃப்டில் ஒருநாள், தன் நெஞ்சில் விரல் வைத்து,
"டும்" என்றார்.
அவ்வளவுதான்.

கம்பளம் விரித்தேன். அதன்மேல் இன்னொன்று.
ரப்பர் பாய். பிறகு பழைய மெத்தை,
அதில் பெடல் படகாய் ஆடியது.
காற்றில் போகிற ஓசை என்றால் கம்பளம் விழுங்கும்.
இதுவோ சிமெண்டுக்குள் இறங்கி
கம்பியைப் பிடித்துக்கொண்டு நடக்கிறது.

ஒரு சனிக்கிழமை கணவரை உட்காரவைத்தேன்.
இளஞ்செழியனுக்குத் தாளமும் தெரியாது,
தயக்கமும் கிடையாது.
"சும்மா மிதிங்க" என்று சொல்லிவிட்டு
படியிறங்கிப் போனேன்.

மேடம் ஊய் நாற்காலி தந்தார், பார்லித் தண்ணீர் தந்தார்.
இருவரும் அண்ணாந்து உட்கார்ந்திருந்தோம்.
யாரோ கனத்த அலமாரியை
அங்குலம் அங்குலமாய் நகர்த்துகிற மாதிரி இருந்தது.
காற்றாடியின் தண்டு நடுங்கியது.
இதையா நான் வாசிப்பு என்றேன்?

"இது நீ இல்லை" என்றார் மலாயில்.
"நீ நாலாவதில் அவசரப்படுவாய்."
மேசையில் தட்டிக் காட்டினார்:
ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு
முந்திக்கொண்டது.
அதே பிழை.
எட்டு மாதமாய் ஒருவர் கண்மூடிப் படுத்துக் கேட்ட
என் பிழை.

டென்னிஸ் பந்துகள் முப்பத்தாறு,
ஆடித் தேய்ந்தவை, ஒன்று ஐம்பது காசு.
பிளைவுட் பலகை இரண்டு.
கீழ்ப்பலகையில் துளைகள், துளைக்கொரு பந்து,
பந்துகளின்மேல் மேடை,
சுவரில் எங்கும் படாமல் இரண்டு விரல் இடைவெளி.
செழியன் அறுத்ததில் ஒரு துளை முட்டை வடிவமாகிப்போனது.
அந்தப் பந்து மட்டும் இன்னும் முனகும்.

மறுபடி கீழே போய்க் கேட்டேன்.
தண்டு அசையவில்லை.
சுவரில் காதை ஒட்டினால் மட்டும்
தூரத்தில் யாரோ மாவு பிசைகிற மாதிரி ஏதோ.
"போதும்" என்று கொட்டாவி விட்டார்.

இப்போது தினமும் வாசிக்கிறேன்.
நான்காவது இன்னும் முந்துகிறதா, தெரியவில்லை.
பெடலைக் கேட்டால் சொல்லாது, செழியனுக்குப் புரியாது.

லிஃப்டில் அவரையே கேட்டேன்.
காய்கறிப் பையைக் கை மாற்றிக்கொண்டு,
கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னார்:
"தூங்கிவிட்டேன்."