வெறும் எழுத்தாக ஒட்டுதல்

ஆதம்பாக்கத்தில் ஒற்றைப் படுக்கையறை,
முன்பணம் எண்பதாயிரம்.
நகலெடுத்துக் குறிப்புச் செயலியில் ஒட்டினேன்.
விளம்பரம் தட்டுமுட்டுச் சாமான்களோடு வந்து இறங்கியது:
ஆரஞ்சுப் பின்னணி,
விரல் தடிமனில் எழுத்து,
வாடகைக்கும் ரூபாய்க்கும் நடுவே
ஒரு காலிப் பெட்டி, யாருடையதோ.
அதற்குக் கீழே நான் தட்டியதெல்லாம்
ஆரஞ்சாகவே வந்தது.
பால் வாங்கணும் என்று எழுதினால்
அதுவும் தடித்துக் கத்தியது.

தரமணி கேன்டீனில் ரிஸ்வானா
வலது கை முழுக்க ரசம் சோறு,
இடது கையால் மேஜையில் தட்டிக் காட்டினாள்:
"கன்ட்ரோலோட ஷிப்ட்டையும் அமுக்கு, அப்புறம் வி.
வெறும் எழுத்து மட்டும்தான் வரும்."

அன்றிரவு முப்பத்தோரு வீடுகளை உரித்தேன்.
மேடவாக்கம் கூட்டுரோடு சிவப்பை இழந்தது.
நங்கநல்லூர் மூன்றாவது மாடி
சாய்வெழுத்திலிருந்து நிமிர்ந்து நின்றது.
புரோக்கர் ஏகாம்பரம் அனுப்பும்
கைகூப்பும் பொம்மைகள் மட்டும் போகவில்லை.
கணினிக்கு அவையும் எழுத்துதானாம்.

ஒரே அளவு, ஒரே கறுப்பு.
கண்ணுக்கு எவ்வளவு நிம்மதி.
பிறகுதான் வாசித்தேன்.

'சைவம் மட்டும்' அப்படியே இருந்தது.
சிவப்பில் அது ஒரு கத்தல்.
கறுப்பில், சாதாரணமாக,
மோட்டார் போடும் நேரம் போல,
குப்பை வண்டி வரும் நேரம் போல
ஒரு தகவல்.

"பேர் என்னம்மா?"
ஜெபசீலி.
"முழுப் பேரு?"
அதுதான் முழுப் பேர்.
"இல்லம்மா, நீங்க எந்தப் பக்கம்?"
தூத்துக்குடிப் பக்கம் என்கிறேன்.
அவர் கேட்ட பக்கம் எதுவென்று
இரண்டு பேருக்கும் தெரியும்.
என்னை வெறும் எழுத்தாக ஒட்டப் பார்க்கிறேன்,
அவர் உள்ளே புகுந்து
பின்னணி நிறம் தேடுகிறார்.
கடைசியில் மீனில் வந்து நிற்பார்.
"வாசனை மேல வரைக்கும் வரும் பாருங்க."

ரிஸ்வானாவிடம் பெயர் கேட்டதோடு சரி,
மீன் வரைக்கும்கூடப் போவதில்லை.
மறுத்த வீடுகளின் மேல் ஒரு கோடு இழுத்துவைப்பாள்.
தன் பட்டியலை எனக்கு அனுப்பினாள்.
பழகிய விரல்கள் அமுக்கின:
கன்ட்ரோல், ஷிப்ட், வி.
பதினாலு கோடுகளும் போயின.
இல்லை என்று சொன்ன வீடெல்லாம்
முதல் நாள் போலக் கதவைத் திறந்துகொண்டு நின்றது.

தெரியாமல் ஒன்றை அழைத்தேன்.
மடிப்பாக்கம், ராம் நகர், பால்கனி உண்டு.
"போன வாரமும் கூப்பிட்டீங்களே" என்றது ஒரு பெண்குரல்.
அது என் தோழி.
"ஓ."
பின்னால் குக்கர்.
"அவங்களுக்கு வீடு கிடைச்சுதா?"
இன்னும் இல்லைங்க.
அடுத்த விசில் வரை யாரும் பேசவில்லை.
"அவர் ஊருக்குப் போயிருக்கார்.
நான் ஒண்ணும் சொல்ல முடியாது.
வேணும்னா ரெண்டு பேருமா சும்மா வந்து பாருங்க.
அஞ்சு மணிக்கு மேல."

வேளச்சேரி போகும் பறக்கும் ரயில்,
ஜன்னலோரம் நான்.
ரிஸ்வானா என் போனை வாங்கிப் பார்த்தாள்.
"இதுக்குக் கோடு போட்டிருந்தேனே."
போட்டிருந்தே. நான்தான் உரிச்சிட்டேன்.
திரும்பவும் போடலாமா என்று
விரல் கொஞ்ச நேரம் மேலேயே நின்றது.
போடவில்லை.
பட்டியலைக் கீழே தள்ளிக்கொண்டே போனாள்,
முப்பத்தோரு வீடு, பதினாலு வீடு,
எல்லாம் கறுப்பு,
அடியில் நான் மறந்துபோன ஒரே ஒரு வரி
இன்னும் ஆரஞ்சில், தடியாக.

"பால் வாங்கினியா?" என்றாள்.