தாப்பா

முதலில் ஒரு துண்டுச் சீட்டு கொடுத்தார்கள்.
தவறு செய்துவிட்டால் உங்களுக்கு நீங்களே
என்ன சொல்லிக்கொள்வீர்கள், எழுதுங்கள்.
பகாவ் தமிழ்ப்பள்ளி மண்டபம், சனிக்கிழமை,
செம்பனை ஆலையின் வாடை
சன்னல் வழியாக வந்து மைலோவில் கலந்தது.
அப்பாக்கள் நாங்கள் நாலு பேர்தான்,
பிள்ளைகளின் நாற்காலியில்
முட்டி நெஞ்சைத் தொட.

எழுதினேன்:
மாடு. கண்ணை எங்கே வச்சிருந்தே.
பதினாறு வருஷமாக
குலை ஏற்றிய லோரியைப் பின்னால் எடுக்கும்போதெல்லாம்
ஸ்டியரிங்கிடம் சொல்லிவந்தது.
யாருக்கும் கேட்டிருக்காது என்று நினைத்தேன்.

சீட்டை மாற்றிக்கொள்ளுங்கள் என்றார் புனிதமலர் டீச்சர்.
யஷ்வினியின் சீட்டில்
பென்சிலை அழுத்தி அழுத்தி:
மாடு. கன்னை எங்கே வச்சிருந்தே.

நான் அவளை ஒருநாளும் அப்படித் திட்டியதில்லை.
சத்தியமாக இல்லை.
பள்ளி விடுமுறையில் முன்சீட்டில் என்னோடு வருவாள்,
அவ்வளவுதான்.

எழுத்துப்பிழையை அவளே பார்த்துவிட்டு
உச்சந்தலையில் நறுக்கென்று குட்டிக்கொண்டாள்.
அது என் கை.

அடுத்து, நெஞ்சில் உள்ளங்கையை வைத்து
கூட்டாளிக்குச் சொல்வதுபோல் உங்களுக்கே
ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றார்.
பிள்ளைகள் உடனே வைத்தார்கள்.
பக்கத்து நாற்காலி குணாளன் இருமினார்.
எனக்கு நாக்கு எழவில்லை.

போன மாதம் ஷஃபிக் காலில் குலையைப் போட்டுக்கொண்டான்.
பங்களாதேஷிலிருந்து வந்து மூன்று வாரம்.
வலியைவிட, சம்பளத்தில் பிடிப்பார்களோ என்ற பயம் முகத்தில்.
தோளைப் பிடித்து உட்காரவைத்து
என் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து
என்ன சொன்னேன்?
தாப்பா. தாப்பா.
பரவாயில்லை என்பதற்கு
மலாய்க்காரர், சீனர், நாங்கள்
எல்லாரும் சொல்வதுதான்.

ஆக, சொல் வாய்க்குள் இருந்திருக்கிறது.
வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் கொடுத்திருக்கிறேன்.

மெல்லச் சொல்லிப் பார்த்தேன். காது கூசியது.
யஷ்வினி சிரித்துவிட்டாள்:
"யார்கிட்ட கேக்குறீங்க?
தா அப்பா, தா அப்பான்னு!"

திங்கட்கிழமை
ஆலை எடைமேடையில் பின்விளக்கை உடைத்தேன்.
மாடுதான் முதலில் வந்தது.
கையும் தலைக்குப் போனது.
முன்சீட்டு காலி.
சன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டு,
பின்னால் ஹார்ன் அடிக்க அடிக்க,
அவள் சொன்னதுபோலவே பிரித்துச் சொன்னேன்.

விளக்கு எண்பது வெள்ளியாம்.
சாயங்காலம் கேட்பாள்,
தலையில குட்டிக்கிட்டீங்களா என்று.
ஒரு தடவை என்பேன்.