நூற்று எழுபத்தைந்து சுற்று

பகாவ் பஸ் நிலையத்துக்குப் பின்னால்
புல்வெட்டியும் மருந்துத் தெளிப்பானும் தொங்கும்
கோக் செங் கடையில்
இரண்டு இயந்திரங்கள் நிற்கின்றன,
பெண் பார்க்க வந்தவர்கள் முன்
காப்பித் தட்டு இல்லாமல்.

என் கையில் மூன்று குத்தகை.
அரசாங்கக் கிளினிக்கின் வினைல் தரை,
கோயில் கல்யாண மண்டபத்தின் தெராசோ,
பிறகு எஸ்டேட் கிளப்பில்
பில்லியர்ட்ஸ் மேசையைச் சுற்றி விரித்த,
ஒரு காலத்தில் பச்சையாக இருந்ததாகச் சொல்லப்படும்
கார்ப்பெட்.
மூன்றுக்கும் சேர்த்து ஒன்றுதான் வாங்கலாம்.
கூட்டுறவுக் கடன் அவ்வளவுதான் நீண்டது.

முதலாவது, நிமிடத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு சுற்று.
தரையில் முகம் பார்க்கலாம் என்கிறார் கோக் செங்.
பார்க்கலாம்தான்.
கிளினிக்குக்கு வருகிறவர்கள்
முகம் பார்க்க வருவதில்லை.
வீங்கிய காலை நீட்டி வைத்துக்கொண்டு
எண் எரியும் பலகையைப் பார்த்திருக்கிறார்கள்.
வழுக்காமல் இருந்தால் அவர்களுக்குப் போதும்.
கார்ப்பெட்டில் இதை இறக்கினாலோ
இழை கருகிப் போகும்.

இரண்டாவது பதினேழு அங்குலம்.
நூற்று எழுபத்தைந்து சுற்று, அதற்குமேல் அவசரமில்லை.
கறுப்புத் தட்டு மாட்டினால் பழைய மெழுகை உரிக்கும்,
வெள்ளைத் தட்டுக்கு மெருகு.
தூரிகை மாட்டி சோப்புத் தொட்டியைத் திறந்துவிட்டால்
கார்ப்பெட்டின் வேர்வரை இறங்கி
எந்தத் துரையோ தட்டிய சுருட்டுச் சாம்பலைக்கூடக்
கேட்டு வாங்கி வரும்.

இரண்டு வேகமும் ஒன்றிலேயே உள்ளது
மலாக்காவில் இருக்கிறதாம். விலை சொன்னார்.
காதில் விழாததுபோல்
ரம்பங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எடை? நாற்பத்தெட்டு கிலோ.
அங்கேதான் தடுக்கியது எனக்கு.
வேனில் ஏற்ற நான் ஒருத்தி, வடிவழகி ஒருத்தி.
அவளுடைய வலது தோள்
பதினோரு வருஷம் செம்பனை உதிரிப்பழ மூட்டை தூக்கியதில்
வானத்துக்கு முந்தி மழையைச் சொல்லும்.
கைப்பிடி மடங்குமா,
சக்கரம் படியேறுமா,
தொட்டியைக் கழற்றினால் எத்தனை கிலோ குறையும்?
கோக் செங் கேட்லாக்கைப் புரட்டினார்.
அதில் தரைகள் இருந்தன, தோள்கள் இல்லை.

"சுபா லா" என்று தானே பிடித்துப் பட்டனை அழுத்தினார்.
அவர் இடப்பக்கம் போக நினைத்தார்.
அது உர மூட்டைகள் பக்கம் போனது,
அவரையும் அழைத்துக்கொண்டு.

வடிவழகி வாங்கினாள்.
தள்ளவில்லை, இழுக்கவில்லை.
கைப்பிடியை இடுப்பில் சாய்த்து
ஒரு விரற்கடை உயர்த்தினாள், வலம்.
ஒரு விரற்கடை தாழ்த்தினாள், இடம்.
"தோளுக்கு இதுல வேலையே இல்லக்கா."
பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்க்கும் அளவுக்குச்
சத்தமாகச் சொன்னாள்.

நிறுத்தியபோது
கடை நடுவில் ஒரு வட்டம்.
சிமென்ட் என்று எல்லோரும் நினைத்திருந்தது
மஞ்சளும் சிவப்புமாய்ப் பூப்போட்ட ஓடு.
கோக் செங்கின் மனைவி
கணக்குப் புத்தகத்துக்குள் பேனாவை வைத்துவிட்டு
எழுந்து வந்தார்.
வட்டத்தைப் பார்த்தார்.
வட்டத்துக்கு வெளியே இருப்பதைப் பார்த்தார்.
பிறகு கணவரை.

விலையில் முந்நூறு வெள்ளி தள்ளுபடி,
அந்த வட்டம் சுவர்வரை வளர்ந்தால்.

மணி ஏழு. கதவு பாதி இறங்கிவிட்டது.
குலை ஏற்றிய லாரிகள் சாலையை அதிரவைத்துப் போகின்றன.
ஐந்தாவது வாளிக் கறுப்புத் தண்ணீரைக்
கால்வாயில் ஊற்றிவிட்டு வருகிறேன்.
யார் யாரை மடக்கினார்கள் என்பதை
வேனில் போகும்போது பார்த்துக்கொள்ளலாம்.
வேனில் ஏற்றுவதையே இன்னும் பார்க்கவில்லை.

அலமாரி ஓரமாக ஒரு முழம் பாக்கி.
வடிவழகி கைப்பிடியைத் தாழ்த்துகிறாள்.
இடம்.