ஒருவர்

பெம்பாத் தீவின் கிழக்குக் கரையில்
பதினேழாவது வீடு.
கைக்கணினியில் ஆறாம் கேள்வி:
இவ்வீட்டில் ம்வுவி எத்தனை பேர்?

ஒருவர், என்றாள் மிஸே கோம்போ.
எங்கே அவர்?
தூங்குகிறார்.
ஜன்னல் வழியே தெரிந்தது
கரையேற்றிக் கவிழ்த்த படகுபோல
மகாமேயின் முதுகு.
படகு?
விற்று மூன்று ரமலான் ஆகிறது.
வலை?
கோழிகளைக் கேள்.
கோழிகள் வலைக்குள் நின்று என்னைப் பார்த்தன.

ஒன்று என்று தட்டினேன்.
ஆறாம் கேள்வி பச்சையானது.

பேசிக்கொண்டே அவள் கொடியில்
எதையோ உலர்த்திக்கொண்டிருந்தாள்.
துணி என்று நினைத்தேன்.
துணிக்கு எட்டுக் கை இருந்தது.
ஐந்து பேய்க்கணவாய்கள்,
காலைக் காற்றில் சொட்டிக்கொண்டு.

இதெல்லாம் யார் பிடித்தது?
பிடிக்கவில்லை. குத்தியது.
யார் குத்தியது?
நான்தான்.
அப்படியென்றால் நீங்களும் ம்வுவி.

சிரித்தாள்,
பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி.
பக்கத்து வீடும் சிரித்தது.

பையா, நீ பள்ளிக்கூடம் போனவன்.
வுவா என்றால் என்ன?
மீன் பிடிப்பது.
இன்னொன்று?
தயங்கிச் சொன்னேன்:
உடுத்தியதைக் கழற்றுவது.
ஆங். கழற்றுகிறவன் ம்வுவி.
ஆண்கள் சட்டையைக் கரையில் போட்டுவிட்டு இறங்குவார்கள்.
நான் எதைக் கழற்றினேன்?
காங்காத் துணி, அதன்மேல் இன்னொரு காங்கா,
முழங்கால்வரை அவருடைய பழைய காலுறை,
பவளப்பாறை கிழிக்குமென்று
ரப்பர் செருப்பைக்கூட விடுவதில்லை.
இறங்கிய உடுப்போடுதான் ஏறுகிறேன்,
கொஞ்சம் கனமாக.
என்னை எப்படி அந்தச் சொல்லுக்குள் திணிப்பாய்?

என்னிடம் பதில் இல்லை.
கைக்கணினியிடம் இருந்தது: பிற.
தொட்டால் விளக்கம் கேட்கும்,
இருபது எழுத்துக்குள்.
தொடவில்லை.

பதினெட்டாம் வீட்டில்
மூன்று எஞ்சின்களின் சொந்தக்காரர் நஸோர்.
நீச்சல் தெரியாது.
அலையைப் பார்த்தாலே குமட்டும் என்றார்.
உரிமத் தாள் வைத்திருந்தார், உறைபோட்டு.
ம்வுவி. பச்சை.

அமாவாசைக்கு மறுநாள்
கடல் இரண்டு கிலோமீட்டர் பின்வாங்கியது.
வேலை முடிந்திருந்தும் போனேன்.
பாறையெங்கும் குனிந்த முதுகுகள்,
சிவப்பு, மஞ்சள், கருநீலம்.
எண்ணாமல் இருக்க வராது எனக்கு.
நாற்பத்து மூன்று.
என் பட்டியலில் இந்த ஊருக்கு
ம்வுவி முப்பத்தொருவர்.
அவர்களில் ஒருவரும் அங்கே இல்லை.

எல்லாப் பொந்தும் ஒன்றுபோல இருக்கிறதே,
எதில் இருக்கிறதென்று எப்படித் தெரியும்?

மிஸே கம்பியால் காட்டினாள்.
வாசலைப் பார்.
நண்டு ஓடுகள், சிப்பி மூடிகள்,
தின்று தீர்த்து வெளியே தள்ளியவை,
ஒரு கைப்பிடி அளவு, குவியலாக.
நல்ல வேட்டைக்காரி இவள்.
கதவைத் தட்டி
எத்தனை பேர் என்று கேட்க வேண்டாம்.

கம்பி உள்ளே போயிற்று.
நீர் கறுத்தது.
மணிக்கட்டில் சுருண்ட கைகளை
ஒவ்வொன்றாகப் பிரித்தாள்,
தாய்ப்பால் மறந்த பிள்ளையை
இடுப்பிலிருந்து இறக்குகிறவள்போல.

எனக்கு அவள் வீட்டு வாசல் நினைவு வந்தது.
ஈரம் காயாத ரப்பர் செருப்பு.
சுவரில் சாய்ந்த இரும்புக் கம்பி,
நுனி மட்டும் துருப்பிடிக்காமல்.
படியில் மை, அதை முகர்ந்த பூனை.
எல்லாவற்றையும் தாண்டிக் கால்வைத்துத்தான்
ஆறாம் கேள்வியைக் கேட்டிருந்தேன்.

திரும்பும் வழியில் மழை பிடித்தது.
அதற்கும் அதே சொல்தான்,
முன்னால் உதட்டை ஒருமுறை மூட வேண்டும்,
அவ்வளவே: ம்வுவா.
அரசாங்கக் கைக்கணினி நனையக் கூடாது.
சட்டையைக் கழற்றிச் சுற்றினேன்.

பின்னாலிருந்து மிஸேயின் குரல்:
கழற்றிவிட்டான்! ம்வுவி ஆகிவிட்டான்!
எழுதிக்கொள் பையா,
ஒருவர்.

நாற்பத்து மூன்று பேர் சிரித்தார்கள்
நிமிராமல்.
தண்ணீர் திரும்பி வந்துகொண்டிருந்தது.